கடும் வானிலையில் மோட்டார் சைக்கிள்: புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்பவர்களுக்குச் சொல்லித் தரப்படுவதில் பெரும்பகுதி காய்ந்த சாலைக்கும் தெளிந்த வானத்துக்கும் உரியது. மழையையும் புயல்காற்றையும் மூடுபனியையும் கடும் வெயிலையும் எப்படிச் சமாளிப்பது என்பதை ஒவ்வொருவரும் தனியாகச் சாலையில் நின்று, நனைந்தும் நடுங்கியும்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நானும் அப்படித்தான் கற்றேன். பட்டறைகளில் காத்திருந்தும், காப்பீட்டுத் தாள்களை வரிவரியாகப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கடும் வானிலையில் உயிரைக் காக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை வண்டியின் ஸ்டாண்டை எடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியவை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஓட்டும் முறைக்குக் கொடுத்த இடத்தை ஆயத்தத்துக்கும் கொடுத்திருக்கிறேன்.

1. எந்த நிலையில் ஓட்டமாட்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

மழையில் நனைந்து, களைத்து, வீட்டுக்கு இன்னும் சிறிது தூரம்தான் இருக்கிறது என்ற நிலையில் இருப்பவரால் நிதானமாக முடிவெடுக்க முடியாது. "போய்விடலாம்" என்றே மனம் சொல்லும். எனவே வீட்டில் அமர்ந்திருக்கும்போதே உங்கள் எல்லைகளை வகுத்து, கைபேசியிலோ வண்டிச் சாவியோடு இருக்கும் சிறு தாளிலோ எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக ஓட்டுபவர் ஒருவருக்கு நான் பரிந்துரைக்கும் எல்லைகள் இவை: இடியோசை காதில் விழுந்தால் ஓட்டுவதில்லை, சாலையைக் குறுக்கே கடந்து ஓடும் நீரில் இறங்குவதில்லை, காற்றின் திடீர் வீச்சு மணிக்கு 60 கிலோமீட்டரை நெருங்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் புறப்படுவதில்லை, 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியில் செல்வதில்லை, சாலையில் பனிக்கட்டி உறையக்கூடிய குளிரில் வண்டியை வெளியே எடுப்பதில்லை. அனுபவம் கூடும்போது சிலவற்றைத் தளர்த்தலாம். முதல் இரண்டை எத்தனை ஆண்டு ஓட்டினாலும் தளர்த்தாதீர்கள்.

முன்னறிவிப்பைப் பார்க்கும் முறையிலும் கவனம் தேவை. "இன்று மழை" என்ற ஒற்றை வரி உங்களுக்குப் பயன்படாது. மணிநேர வாரியான கணிப்பையும், மழைமேகங்கள் நகரும் திசையைக் காட்டும் ராடார் படத்தையும் பாருங்கள். காற்றுக்கு இரண்டு எண்கள் தரப்படும். ஒன்று சராசரி வேகம், மற்றது வீச்சின் வேகம். வண்டியைத் தள்ளிவிடுவது இரண்டாவதுதான் என்பதால் அதையே கணக்கில் கொள்ளுங்கள். புறப்படும் இடத்துக்கு மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது பலர் விழும் பள்ளம். சேரும் இடம், வழியிலுள்ள மலைப்பகுதி, பெரிய பாலம், திறந்தவெளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அங்கே போய்ச் சேரும் நேரத்துக்கான கணிப்பைப் பார்க்க வேண்டும். நிலம் சூடேறுவதால் உருவாகும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வரும். மூடுபனி விடியலை ஒட்டி அடர்ந்திருக்கும். புறப்படும் நேரத்தை ஓரிரு மணிநேரம் மாற்றினாலே தப்பிவிடக்கூடிய பயணங்கள் பல உண்டு, அதற்குச் செலவும் இல்லை.

2. பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே வண்டியைத் தயார் செய்யுங்கள்

முதல் பெருமழைக்குப் பிறகு பட்டறைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்ற அளவில் டயர் கிடைக்கவும் தாமதமாகலாம். ஒரு மாத அவகாசம் இருந்தால் விலையை விசாரித்து, நல்லதைத் தேர்ந்தெடுத்து, மாற்றிய டயரைக் காய்ந்த சாலையில் ஓட்டிப் பழக்கவும் முடியும். புதிய டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் வழவழப்பாக இருக்கும் என்பதால், ஏறக்குறைய முதல் 150 கிலோமீட்டர் வரை அதில் கடும் பிரேக்கும் ஆழமான சாய்வும் கூடாது. அந்தப் பழக்கம் மழைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் முதல் செலவு டயருக்கே. டயரிலுள்ள வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காக இருக்கின்றன. அவை தேய்ந்தால் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் நின்றுவிடும், பிடிப்பு போய்விடும். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் நாட்டுக்கு நாடு மாறினாலும் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். அது அபராதத்திலிருந்து உங்களைக் காக்குமே தவிர, தேங்கிய நீரிலிருந்து காக்காது. 2 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது என் வழக்கம். பள்ளத்தின் அடியில் சிறு மேடாக இருக்கும் தேய்மானக் குறியைப் பார்த்தாலே தோராயமாகத் தெரிந்துவிடும். வரிகள் ஆழமாக இருந்தும் டயர் பழையதாக இருக்கலாம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகும், இறுகிய ரப்பர் ஈரத்தில் வழுக்கும். கடையில் "புது டயர்" என்று தருவதையும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

மழைக்காலத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வார்கள். ஈரமான தார்ச்சாலைக்கு அது தவறான அறிவுரை. அழுத்தம் குறைந்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி மூடிக்கொள்ளும், நீர் வெளியேற வழி குறையும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரேக். கட்டைகளின் தடிமன், பிரேக் எண்ணெயின் நிறம், டிரம் பிரேக்காக இருந்தால் கம்பியின் தளர்வு ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரி முனைகள், விளக்குகள், ஹாரன் ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

3. உடையை ஓட்டும் நிலையில் அமர்ந்து பார்த்து வாங்குங்கள்

நடப்பவர்களுக்கான மழைக்கோட்டு வண்டிக்கு உதவாது. ஓடும் வண்டியில் மழைத்துளி எதிர்க்காற்றின் வேகத்தோடு வந்து மோதுகிறது. கழுத்து, மணிக்கட்டு, தொடைகள் சேருமிடத்துத் தையல் ஆகிய வழிகளில் நீர் உள்ளே போகும். கடையில் நின்றபடி அணிந்து பார்த்தால் எல்லா உடையும் பொருந்துவது போலத்தான் இருக்கும். வண்டியில் அமர்வது போல் முழங்காலை மடக்கி, கைகளை நீட்டிப் பாருங்கள். கால்சட்டை மேலேறிக் கணுக்கால் தெரிந்தால் வேண்டாம். தையல்களின் உட்புறம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். துணி நீர் புகாததாக இருந்தும் தையல் கசிவதுதான் மலிவான உடைகளில் வழக்கமாகக் காணும் குறை. போர்வை போலத் தொங்கும் மழைக்கோட்டைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும், ஏனெனில் காற்றில் பறக்கும் அதன் ஓரம் செயினிலோ பின்சக்கரத்திலோ சிக்கினால் உங்களைக் கீழே இழுத்துவிடும். பின்னால் அமர்பவரின் உடைக்கும் இதே விதி பொருந்தும். நிறம் கறுப்பாக வேண்டாம். மழையின் சாம்பல் வெளிச்சத்தில் கறுப்பு உடை அணிந்தவரைக் கார் ஓட்டுபவரின் கண் எளிதில் தவறவிடும். பளிச்சிடும் மஞ்சளோ ஆரஞ்சோ எடுத்து, ஒளி பட்டால் மின்னும் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையுறைக்குத் தனியாகச் செலவிடத் தயங்காதீர்கள். விறைத்துப்போன விரல்களால் பிரேக் பிடியை மெல்ல அழுத்த முடியாது, அழுத்தம் சட்டென்று கூடிவிடும். கோட்டின் கைப்பகுதி கையுறையின் மேல் விழுமாறு அணிந்தால், கையைத் தாழ்த்தி ஓட்டும் வண்டிகளில் நீர் வழிந்து வெளியே போய்விடும்.

ஹெல்மெட் கண்ணாடி கீறல் இல்லாததாகவும் நிறமற்றதாகவும் இருக்க வேண்டும். கருநிறக் கண்ணாடியோடு புறப்பட்டு, வானம் இருண்டதும் அதைத் தூக்கிவிட்டு மழையைக் கண்ணில் வாங்கிக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. கண்ணாடியின் உட்புறம் மூச்சு படிந்து மங்குவதைத் தடுக்க, பின்லாக் போன்ற உள்தகட்டைப் பொருத்தலாம். அது இல்லாதபோது கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் காற்று புகுந்து மங்கல் குறையும்.

4. ஆவணங்களை நனையாமல் வையுங்கள், காப்பீட்டை இப்போதே படியுங்கள்

ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை நீர் புகாத உறையில் போட்டு, அந்த உறையை இருக்கைக்கு அடியிலோ உடையின் உட்பையிலோ வையுங்கள். நகல்களைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியும் நனையும் என்பதால் அதற்கும் ஓர் உறை தேவை. இவற்றோடு உங்கள் பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத்தில் அழைக்க வேண்டிய இருவரின் எண்கள் ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்றும் இருக்கட்டும். விபத்தில் கைபேசி உடைந்தாலோ பூட்டியிருந்தாலோ உதவிக்கு வருபவர்களுக்கு அந்த அட்டைதான் பேசும்.

காப்பீட்டில் பலரும் ஏமாறுவது மூன்று இடங்களில். முதலாவது, பல நாடுகளில் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, நீங்கள் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கானது. வெள்ளத்தில் மூழ்கிய, மரம் விழுந்து நசுங்கிய உங்கள் சொந்த வண்டிக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. அதற்கு முழுமைக் காப்பீடு வேண்டும். இரண்டாவது, முழுமைக் காப்பீடு இருந்தாலும், நீர் புகுந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து அதனால் உள்பாகம் உடைந்தால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று கூறி நிராகரிக்க இடமிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனி இணைப்பு சில நிறுவனங்களில் கிடைக்கும். நீர் தேங்கும் பகுதியில் வசிப்பவருக்கு அந்தக் கூடுதல் தொகை வீணாகாது. மூன்றாவது காலம். வெள்ள எச்சரிக்கை வந்த பிறகு காப்பீடு எடுக்க ஓடினால், அந்த நிகழ்வை ஏற்காத நிபந்தனை இருக்கக்கூடும். சேதத்தைத் தெரிவிக்கவும் கெடு இருக்கும். "விலக்குகள்" என்ற தலைப்பின்கீழ் உள்ள பகுதியை மட்டுமாவது மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை முழுவதும் படித்து, உரிமைகோரல் எண்ணைக் குறித்து வையுங்கள். இழுவை வண்டிச் சேவை அதில் அடங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

5. மழையில் ஓட்டும்போது எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யுங்கள்

நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் கால்மணி நேரம் மிக வழுக்கலானது. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் ரப்பர் துகளும் தூசியும் நீரோடு கலந்து மேலே வரும். தொடர்ந்து பலமாகப் பெய்தால் அவை கழுவப்பட்டுவிடும். முடிந்தால் அந்தக் கால்மணி நேரத்தை ஓரமாக நிறுத்திக் கழியுங்கள். எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். மேம்பாலத்தின் அடியில், வண்டிகள் ஓடும் பாதையை ஒட்டியே கூட்டமாக நின்று மழைக்கோட்டு அணிவது பலரின் வழக்கம். மழையில் பார்வை மங்கிய நிலையில் வரும் ஒரு காருக்கு அந்தக் கூட்டம் கடைசி நொடியில்தான் தெரியும். பெட்ரோல் நிலையம், கடை முகப்பு, பேருந்து நிழற்குடையின் பின்புறம் எனச் சாலையை விட்டு முழுவதும் விலகிய இடத்தைத் தேடுங்கள். துளி விழத் தொடங்கிய பிறகு தேடுவதைவிட, வானம் இருளும்போதே ஒதுங்கி உடையை அணிந்துவிடுவது மேல்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது, நிற்பதற்கான தூரம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும், ஈரத்தில் அது மேலும் நீளும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் காய்ந்த சாலையில் 2 நொடி இடைவெளி விட்டால், மழையில் 4 நொடி விடுங்கள். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்தை அடையும்வரை எண்ணிப் பார்த்தால் போதும்.

இரு பிரேக்குகளையும் சேர்த்து, நேராகச் செல்லும்போதே, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்த வேண்டும். முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்ற பயம் புதியவர்களிடம் உண்டு. ஈரத்திலும் வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்சக்கரத்திடமே இருக்கிறது. அதைத் திடீரென்று கவ்வுவதுதான் விழவைக்கும். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், ஆனால் சாலையில் இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. சாய்ந்து திரும்பும்போது சாதாரண ஏ.பி.எஸ். முழுமையாகக் காப்பாற்றவும் செய்யாது. ஆக்சிலரேட்டரைத் திருப்புவதும் கிளட்சை விடுவதும் கியரைக் குறைப்பதும் அதே மென்மையோடு நடக்க வேண்டும். முன்னே செல்லும் காரின் சக்கரங்கள் நீரை விலக்கி விட்டுச்செல்லும் தடத்தில் ஓட்டினால் பிடிப்பு சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

நனைந்த சாலையில் கண் தேட வேண்டியவை: வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், பாலத்தின் இரும்பு இணைப்புகள், ஈர இலைகள், சேறு, வானவில் நிறத்தில் மின்னும் டீசல் கசிவு. இவற்றின் மேல் போக நேர்ந்தால் வண்டியை நிமிர்த்தி, பிரேக்கும் ஆக்சிலரேட்டர் முறுக்கலும் இல்லாமல் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தைச் செங்குத்துக்கு நெருங்கிய கோணத்தில் கடக்க வேண்டும். சாய்கோணத்தில் போனால் சக்கரம் தண்டவாளத்தின் ஓரமாகவே வழுக்கிச் செல்லும்.

6. தேங்கிய நீரும் ஓடும் நீரும் ஒன்றல்ல

ஓடும் நீரைப் பற்றி எழுதும்போது எனக்குத் தயவு தாட்சண்யம் இல்லை. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த மனிதர் ஒருவரைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போகும். இரு சக்கரத்தில் நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டுத் தள்ளுதலைத் தாங்கும் ஆற்றல் இல்லை. அதற்குமேல், நீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. முன்னால் ஒரு லாரி கடந்துவிட்டது என்பதற்காக நீங்கள் இறங்காதீர்கள். திரும்பிப் போங்கள்.

அசையாமல் தேங்கி நிற்கும் நீரிலும், உங்களுக்கு முன் வேறு வண்டிகள் கடப்பதைப் பார்த்து ஆழத்தைக் கணித்த பிறகே இறங்கலாம். சக்கரத்தின் அச்சுக்கு மேல் நீர் ஏறும் என்றால் வேண்டாம். இறங்கினால் முதல் கியரில், எஞ்சின் வேகம் குறையாமல் ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, நடுவில் நிற்காமல் கடக்க வேண்டும். எதிரே பெரிய வண்டி வந்தால் அது எழுப்பும் அலை காற்று வடிகட்டியின் உயரத்தை எட்டிவிடக்கூடும், அதனால் அது போகும்வரை கரையில் காத்திருங்கள். வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கைச் சில முறை லேசாக அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள்.

7. காற்றில் கைகளைத் தளர்த்துங்கள், முழங்காலை இறுக்குங்கள்

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றைவிட 60 கிலோமீட்டர் காற்று நான்கு மடங்கு தள்ளும். தொடர்ந்து ஒரே சீராக அடிக்கும் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டிப் பழகிவிடலாம். ஆபத்து, காற்று திடீரென நின்று மீண்டும் தொடங்கும் இடங்களில் இருக்கிறது: கட்டட வரிசை முடியுமிடம், பாலத்தின் தொடக்கம், மலைவெட்டு, நீண்ட லாரியை முந்தி வெளியே வரும் நொடி. இந்த இடங்களுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உங்கள் பாதைக்குள் காற்று வரும் பக்கமாகச் சற்று ஒதுங்கிக்கொண்டால், தள்ளப்பட்டாலும் பாதைக்குள்ளேயே இருப்பீர்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடலின் ஆட்டம் முழுவதும் முன்சக்கரத்துக்குப் போகும். டேங்கை முழங்கால்களால் கவ்வி, உடலைத் தாழ்த்தி, முழங்கையைத் தளர்வாக வையுங்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் பின்பெட்டியையும் பக்கப் பெட்டிகளையும் கழற்றிவிட்டுப் போவது பெரிய வித்தியாசத்தைத் தரும்.

8. இடி கேட்டால் வண்டியை விட்டு விலகுங்கள்

ரப்பர் டயர் மின்னலிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை தவறு. காருக்குள் இருப்பவரைக் காப்பது அதன் உலோகக் கூடு, மோட்டார் சைக்கிளுக்கு அது கிடையாது. மின்னலைக் கண்டு 30 நொடிக்குள் இடி கேட்டால், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது; உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய உலோகக் கூரையுள்ள வாகனத்துக்குள்ளோ செல்லுங்கள். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே புறப்படுங்கள். தனி மரமும், திறந்த கொட்டகையும், உலோக வேலியும் புகலிடமாகா.

ஆலங்கட்டி மழையில் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கூரைக்குள் போய்விடுங்கள்.

9. மூடுபனியிலும் புழுதிப்புயலிலும் விளக்கை அறிந்து பயன்படுத்துங்கள்

மூடுபனியில் ஹை பீம் போட்டால் ஒளி நீர்த்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமில் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகமே உங்கள் உச்ச வேகம். நான்கு இண்டிகேட்டர்களையும் சிமிட்டவிட்டு ஓட்டுவது பல நாடுகளில் விதிமீறல். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும் என்பதே காரணம். ஹெல்மெட் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும் துளிகளைக் கையுறையின் விரலால் அடிக்கடி துடையுங்கள், ஏனெனில் பனி அடர்ந்திருப்பதாக நினைப்பது பல நேரங்களில் கண்ணாடியில் படிந்த நீராகவே இருக்கும்.

புழுதிப்புயலில் விதி தலைகீழாகிறது. சாலையை விட்டு இயன்ற தூரம் விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். எரியும் பின்விளக்கைப் பார்த்து, சாலை அந்தப் பக்கம் போகிறது என்று எண்ணிப் பின்தொடர்ந்து வந்து மோதுபவர்கள் உண்டு. ஹெல்மெட்டோடு வண்டியிலிருந்து சற்றுத் தள்ளிச் சென்று அமருங்கள்.

10. வெயிலில் உடையைக் கழற்றாதீர்கள்

காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், எதிர்க்காற்று தோலுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். வியர்வை ஆவியாவது மட்டுமே உடலைக் குளிர்விக்கும். கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு ஓட்டினால் அந்த வியர்வை காற்றில் நொடியில் காய்ந்து, உடல் நீரை வேகமாக இழக்கும். துளைகளுள்ள கோட்டின் அடியில் நனைத்த பனியன் அணிவது எளிய, மலிவான வழி. தாகம் எடுக்கும் முன்பே, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ கால் லிட்டர் நீர் வீதம் குடிக்கப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே குடிக்க முடியாது என்பதால் நிறுத்தங்களை முன்கூட்டியே குறிக்க வேண்டும். தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல், வழியை மறப்பது ஆகியவை எச்சரிக்கைகள். குழப்பமாகப் பேசுபவரோ மயங்குபவரோ வெப்பவாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி நீரூற்றிக் குளிர்வியுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

11. குளிரை வெப்பமானியைக் கொண்டு மட்டும் அளக்காதீர்கள்

காற்று 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், தோலுக்கு அது ஏறத்தாழ 4 டிகிரி போலிருக்கும். 0 டிகிரியில் அதே வேகம் உறைநிலைக்கு 10 டிகிரி கீழே கொண்டுபோய்விடும். காற்றைத் தடுக்கும் மேலுடையும் கழுத்துத் துணியும் அடுக்கடுக்கான உள்ளுடையும் தேவை. நடுக்கம் தொடங்கிவிட்டால் நிறுத்துங்கள். அதைத் தாண்டிப் போனால் கை பிடிக்காது, கணிப்பும் பிசகும். உறைநிலையை நெருங்கும் நாட்களில் பாலங்களின் மேற்பரப்பு முதலில் உறையும், ஏனெனில் அவற்றின் அடியிலும் குளிர்காற்று ஓடுகிறது.

12. நீரில் நின்றுபோன வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

இந்தத் தவறுதான் மிக அதிகச் செலவு வைப்பது. நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால், மேலேறும் பிஸ்டன் நீரில் மோதி, அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளையும்; எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டிவரும். ஸ்டார்ட்டரைத் தொடாமல் இருந்தால் பெரும்பாலும் எண்ணெய் மாற்றத்தோடும் சில மணிநேர வேலையோடும் முடிந்துவிடும்.

முதலில் சாவியை அணைத்து, நீர்மட்டம் தெரியுமாறு நான்கு புறமும் படம் எடுங்கள். காப்பீட்டுக்கு அதுவே முதல் சான்று. உங்களுக்கு ஆபத்தில்லாவிட்டால் மட்டும் வண்டியை மேட்டுக்குத் தள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, எழுத்து வடிவிலான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். அவர்களது ஆய்வாளர் பார்ப்பதற்கு முன் பாகங்களைப் பிரித்துவிட்டால் உரிமைகோரல் சிக்கலாகும். பட்டறைக்கு ஓட்டிப் போகவோ கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யவோ கூடாது, இழுவை வண்டியில்தான் ஏற்ற வேண்டும். அதன் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்விக்க வேண்டியவை: காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழலவிட்டுச் சிலிண்டரிலுள்ள நீரை வெளியேற்றுதல், எஞ்சின் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் வடிகட்டியோடு சேர்த்து மாற்றி, சிறிது ஓட்டிய பின் மீண்டும் மாற்றுதல், பெட்ரோல் டேங்கின் அடியில் தங்கிய நீரை வடித்தல், சக்கர பேரிங்குகளையும் பிரேக்குகளையும் சுத்தம் செய்தல். மின்சார வண்டி மூழ்கியிருந்தால் அதை இயக்கவும் சார்ஜ் செய்யவும் கூடாது. நீர் புகுந்த லித்தியம் பேட்டரி சில நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் சேவை மையம் சோதிக்கும்வரை வண்டியை வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்தவெளியில் நிறுத்துங்கள்.

சாதாரண மழைப் பயணத்துக்குப் பிறகு இவ்வளவு தேவையில்லை. செயினைத் துடைத்து அன்றைக்கே எண்ணெய் இடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு தொடங்கிவிடும். சேற்றை மெல்ல நீர் ஊற்றிக் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயைப் பேரிங்குகளின் மேலும் மின் இணைப்புகளின் மேலும் காட்டாதீர்கள். மழையுடையையும் கையுறையையும் நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள், பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஓரிரு முறை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். மறுநாள் புறப்படும்போது முதல் சில மீட்டரிலேயே இரு பிரேக்குகளையும் ஒருமுறை சோதித்துவிட்டுச் சாலைக்குள் நுழையுங்கள்.